வேட்டைக் களத்திலிருந்து உல்லாசப் பூங்காவிற்கு: இலங்கைக் காடுகளும் ஓய்வின் வர்க்க வரலாறும்

அம்பாந்தோட்டை மாவட்டத்திலுள்ள யால தேசிய பூங்காவின் வாயிலில் வைகறைப் பொழுதிலேயே ஜீப் வண்டிகள் வரிசையாக நிற்பது இன்று வழக்கமான காட்சியாகும். சிறுத்தையைக் காணும் ஆவலோடு வரும் வெளிநாட்டார் டொலர் அடிப்படையில் விதிக்கப்பட்ட கட்டணத்தையும், நம் நாட்டவர் ரூபாவில் விதிக்கப்பட்ட கட்டணத்தையும் செலுத்தி உள்ளே செல்கின்றனர். அதே காட்டினூடாக, கதிர்காமத் திருவிழாக் காலத்தில், மட்டக்களப்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கால்நடையாக வரும் அடியார் கூட்டமொன்றும் செல்கின்றது. முன்னவர் காட்டுக்கு 'வருகை' தருகின்றனர். பின்னவர் காட்டைக் 'கடந்து' போகின்றனர். இவ்விரு சாராரும் வருவதற்கு முன்னர் அக்காட்டின் ஓரத்தில் சேனை வெட்டியும், தேன் எடுத்தும், மான் வேட்டையாடியும் வாழ்ந்த குடியானவன் ஒருவனும் இருந்தான். அவனை இன்று அங்கு காண்பதற்கில்லை. சட்டத்தின் பார்வையில் அவன் அத்துமீறி நுழைபவன்.

காட்டுக்குப் பொழுதுபோக்காகச் செல்லுதல் என்பது இயல்பான, எக்காலத்துக்கும் பொதுவான மனித விருப்பம் என்றே பெரும்பாலோர் கருதுகின்றனர். இயற்கையை இரசித்தல் வரலாற்றுக்கு அப்பாற்பட்ட உணர்வு போலவே பேசப்படுகின்றது. ஆனால் எந்த வர்க்கத்துக்கு ஓய்வு கிடைத்தது, அவ்வோய்வைக் கழிப்பதற்கான நிலம் எவரிடமிருந்து பெறப்பட்டது, அந்நிலத்தில் உழைத்தவன் என்ன ஆனான் என்னும் வினாக்களை எழுப்பும்போது, இவ்வுணர்வுக்கும் ஒரு சமூக அடித்தளம் உண்டு என்பது புலனாகும். இலங்கையில் வனவிலங்கு ஒதுக்கிடங்கள் தோன்றி வளர்ந்த வரலாற்றை இந்நோக்கில் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

தமிழிலக்கியத்தின் மிகப் பழைய அடுக்கிலேயே காடு பேசப்படுகின்றது. முல்லையும் குறிஞ்சியும் பாலையும் வெறும் இயற்கை வருணனைகள் அல்ல. அவை வாழ்க்கை முறைகள். குறவர், எயினர், வேட்டுவர், ஆயர் என்போர் அவ்வந் நிலத்தின் உற்பத்தி முறையோடு பிணைக்கப்பட்டவர்களாகவே பாடல்களில் இடம்பெறுகின்றனர். திணைக் கோட்பாட்டினைப் பண்டைத் தமிழகத்தின் சமனற்ற வளர்ச்சியின் வெளிப்பாடாகக் காணலாம் என்பதைப் பேராசிரியர் கா. சிவத்தம்பி தமது ஆய்வுகளில் எடுத்துக்காட்டியுள்ளார். அவ்வாறு நோக்கின், வேட்டை என்பது முதலில் உழைப்பு. உணவு தேடும் தொழில். குறுநிலத் தலைவர்கள் தோன்றிய பின்னரே அது வீரமாகவும் புகழாகவும் மாறுகின்றது. வேட்டையாடி வாழ்பவன் ஒருவன், வேட்டையாடி மகிழ்பவன் இன்னொருவன் என்னும் பிரிவினை இங்கேயே கருக்கொள்கிறது. எனினும் அக்காலத்துத் தலைவன் காட்டை அளந்து எல்லையிட்டு, அதன் குடிகளை வெளியேற்றி, தன் பொழுதுபோக்குக்காக ஒதுக்கினான் என்று கூற இடமில்லை. அதற்கு வேறொரு சமூக அமைப்பு வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் இவ்விடத்திற் குறிப்பிடுதல் வேண்டும். இன்று 'கன்னிக் காடு' என உல்லாசப் பயணிகளுக்குக் காட்டப்படும் இடங்கள் பலவும் முற்காலத்தில் மக்கள் வாழ்ந்த நிலங்களே. வில்பத்துப் பூங்காவினுள் அமைந்த பொம்பரிப்பில் ஈமத் தாழிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. 1970 இலும் அங்கு அகழ்வாய்வு நடைபெற்றது. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு அவற்றை ஆய்வாளர் ஒப்பிடுவர். யாலவினுள் சிதுல்பவ்வ முதலிய பழைய பௌத்த மடாலயங்கள் உள்ளன. கோடையில் யானையும் மானும் நீரருந்த வரும் குளங்களிற் பல, உருகுணை நாட்டின் வேளாண்மைக்கென மனிதர் வெட்டிய குளங்களாகும். ஆகவே மனிதனின் கைபடாத இயற்கை என நாம் வியப்பது, பெரும்பாலும் மனிதன் கைவிட்ட இயற்கையே. உழைப்பின் சுவடு அழிந்தபின் எஞ்சியதைத் தூய இயற்கை எனப் பெயரிடுவது, பிற்கால ஆளும் வர்க்கத்தின் கருத்துநிலையன்றி வேறல்ல.

2

காட்டு விலங்கு சந்தைப் பண்டமாக மாறிய கதைக்கு யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஊர்ப் பெயர்களே சான்றாகும். வன்னியிற் பிடிக்கப்பட்ட யானைகள் கடனீரேரியைக் கடந்து வந்த வழி ஆனையிறவு எனப் பெயர் பெற்றது. அவற்றைக் கப்பலேற்றிய துறை ஊர்காவற்றுறை. அதன் ஆங்கில வழக்குப் பெயரும் யானைத் துறை எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்ததென்பர். போர்த்துக்கேயரும் அவருக்குப் பின் ஒல்லாந்தரும் யானை வாணிகத்தினால் பெருவருமானம் ஈட்டினர். வன்னிமைகள் திறையாக யானைகளையே செலுத்த வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் நடந்த யானை விற்பனைக்கு இந்தியப் பெருநிலத்து வணிகர் வந்தனர்.

இக்கட்டத்தில் யானை உயிருடன் வேண்டப்பட்டது. ஏனெனில் அது விலை பெறும் பண்டம். காடும் வேண்டப்பட்டது, ஏனெனில் அது பண்டம் விளையும் இடம். வணிக மூலதனம் காட்டைச் சுரண்டியதேயன்றி அழிக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெருந்தோட்ட முதலாளித்துவமே நிலைமையை அடியோடு மாற்றியது.

3

1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடந்த நிலம் அனைத்தும், மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியதே எனக் கொண்டது. கிராமத்துப் பொதுக் காட்டுக்கும் சேனை நிலத்துக்கும் உறுதிப் பத்திரம் வைத்திருக்கும் வழக்கம் குடியானவனுக்கு எக்காலத்தும் இருந்ததில்லை. இவ்வாறு பெறப்பட்ட நிலம் கோப்பித் தோட்டங்களாக மாறியது. அத்தோட்டங்களில் உழைப்பதற்குத் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். மலைநாட்டுக் காடு வெட்டி எரிக்கப்பட்டது. அதிலே வாழ்ந்த யானைக்கு இடமில்லாது போயிற்று.

முன்பு பண்டமாயிருந்த யானை இப்போது பயிரழிக்கும் பகையாயிற்று. அதனைக் கொல்வோருக்கு அரசாங்கம் தலைக்கு இவ்வளவெனச் சன்மானம் வழங்கியது. 1845 இல் குடியேற்ற நாட்டுச் செயலாளராக வந்த எமேர்சன் ரெனன்ற் தரும் கணக்கின்படி, 1848 க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டுச் சன்மானம் பெறப்பட்டது. 1851 க்கும் 1856 க்கும் இடையில் தென் மாகாணத்தில் மேலும் 2,000 யானைகள் இவ்வாறு கொல்லப்பட்டன. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, அப்போது நாடு முழுவதிலும் இருந்த யானைகள் 5,879 மட்டுமே என்பதோடு இதனை ஒப்பிட்டு நோக்கின் அழிவின் பரிமாணம் விளங்கும்.

இவ்வழிவின் மறுபக்கமே ஆங்கில அதிகாரியினதும் தோட்டத் துரையினதும் வேட்டை விளையாட்டாகும். பதுளைப் பகுதியில் அதிகாரியாயிருந்த மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் 1,400 வரையிலான யானைகளைச் சுட்டதாகக் கூறப்படுகின்றது. அவர் 1845 இல் அப்புத்தளையில் இடிவிழுந்து இறந்தார். 1848 இல் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர், இங்கிலாந்திலிருந்து வேட்டை நாய்களையும் பண்ணைக் கால்நடைகளையும் கொண்டுவந்து, மலைச் சமவெளிகளில் மரைகளைத் துரத்தி வேட்டையாடினார். இலங்கையில் தாம் நடத்திய வேட்டை பற்றி அவர் 1854 இல் வெளியிட்ட நூல் அக்கால இங்கிலாந்தில் விரும்பிப் படிக்கப்பட்டது.

இங்கிலாந்தின் நிலவுடைமையாளருக்கு வேட்டை என்பது வெறும் பொழுதுபோக்கன்று; அது வர்க்கச் சின்னம். 1723 ஆம் ஆண்டின் கறுப்புச் சட்டம், மான் திருடியவனுக்கும் தூக்குத் தண்டனை விதிக்க இடமளித்தது என்பதை இ. பி. தொம்சன் 1975 இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். காணியற்ற இளைய மக்களும், நடுத்தரக் குடும்பத்து அதிகாரிகளும் தாயகத்தில் தமக்குக் கிட்டாத பிரபுத்துவ இன்பத்தைக் குடியேற்ற நாட்டிலே பெற்றனர். அங்கே மான் பிரபுவினுடையது. இங்கே காடு முழுவதும் முடியினுடையது. முடியின் ஊழியன் எவனும் இங்கே ஒரு சிற்றரசனானான்.

மாக்ஸ் இத்தொடர்பை அன்றே கண்டிருந்தார். 1842 இல் றைன் மாகாணத்து விறகுத் திருட்டுச் சட்டம் பற்றி எழுதுகையில், ஏழைகளின் வழக்குரிமை எவ்வாறு சட்டத்தினால் குற்றமாக்கப்படுகின்றது என்பதை அவர் காட்டினார். 'மூலதனம்' முதலாம் தொகுதியில் ஸ்கொத்லாந்தின் சதலாந்துப் பிரதேசத்தை எடுத்துக்காட்டி, 1814 முதல் 1820 வரை ஏறத்தாழ 15,000 மக்கள் ஆட்டு மேய்ச்சலுக்காக வெளியேற்றப்பட்டதையும், பின்னர் ஆட்டு நிலங்களும் செல்வரின் மான் வேட்டைக் காடுகளாக மாற்றப்பட்டதையும் விவரித்தார். அங்கே 'காடு' எனப்பட்ட இடத்தில் மரமே இல்லாதிருக்கலாம் என்பதும் அவர் சுட்டிய முரணாகும். காடு என்பது தாவரங்களின் பெயராக அன்றி, ஓர் உடைமை உறவின் பெயராகவே அங்கு வழங்கிற்று. இலங்கையில் நடந்தது இதன் நேர்ப்பிரதியன்று. ஆயினும் மக்களின் வழக்குரிமையை அகற்றி, அந்நிலத்தை உழைக்காதோரின் ஓய்வுக்கு ஒதுக்கும் போக்கு இரண்டுக்கும் பொதுவானது.

4

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வேட்டை விலங்குகள் அருகத் தொடங்கின. தோட்ட நிலம் விரிந்தது. தோலும் கொம்பும் ஏற்றுமதிப் பொருள்களாயின. சன்மானத்துக்கான கொலையும் தன் வேலையைச் செய்திருந்தது. வேட்டைக்காரரே பாதுகாப்பைக் கோரும் நிலை இவ்வாறு தோன்றியது. 1894 இல் தோட்டத் துரைமாரையும் அதிகாரிகளையும் பெரும்பான்மையாகக் கொண்டு வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் அமைக்கப்பட்டது. இன்றைய வனசீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதன் தொடர்ச்சியே. விளையாட்டுக்காகச் சுடுபவன் கனவான், வயிற்றுக்காகவும் விற்பனைக்காகவும் சுடுபவன் கள்ள வேட்டைக்காரன் என்னும் பாகுபாடு அக்காலப் பாதுகாப்புச் சிந்தனையின் மையமாயிருந்தது.

1900 இல் யால ஒதுக்கிடமாக்கப்பட்டது. 1905 இல் வில்பத்து சரணாலயமாயிற்று. யாலவை அடுத்து, நாட்டில் வதியும் வேட்டைக் கனவான்கள் அனுமதிப் பத்திரத்தோடு சுடுவதற்கென ஒரு பகுதியும் ஒதுக்கப்பட்டிருந்தது. யாலவின் முதற் காவலராக நியமிக்கப்பட்ட எங்கல்பிரெக்ற் என்பவர் தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட போவர் கைதிகளுள் ஒருவர். பிரித்தானிய முடிக்கு விசுவாசம் தெரிவிக்க மறுத்தமையால் நாடு திரும்பாது இங்கேயே தங்கியவர். ஒரு பேரரசு தன் கைதியைக் கொண்டே தன் மான்களைக் குடியானவனிடமிருந்து காத்தது.

1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இவ்வமைப்பை ஒழுங்குபடுத்தியது. ஆய்வுக்கன்றி எவரும் நுழையாத இறுக்க இயற்கை ஒதுக்கு, பார்வையிடுவோர் செல்லத்தக்க தேசிய பூங்கா, அனுமதி பெற்றோர் வேட்டையாடத்தக்க இடைநிலை வலயம், தனியார் காணியும் உள்ளடங்கத்தக்க சரணாலயம் என நிலம் பகுக்கப்பட்டது. 1938 இல் யாலவும் வில்பத்துவும் இந்நாட்டின் முதலிரு தேசிய பூங்காக்களாயின. அப்போது விவசாய அமைச்சராயிருந்தவர் டி. எஸ். சேனநாயக்க. துப்பாக்கியின் இடத்தைப் புகைப்படக் கருவி பெறத் தொடங்கியதும், ஆங்கிலேயக் கனவானின் பக்கத்தில் சுதேசக் கனவான் வந்தமர்ந்ததும் இக்காலத்திலேயே. சட்டத்தின் பகுப்பு மாறவில்லை. அனுபவிப்போரின் நிறமே மாறியது.

அதே 1937 இல் அமெரிக்காவிலும் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பிற்மன்–றொபேட்சன் சட்டம் எனப்படும் அது, வேட்டைத் துப்பாக்கிகள் மீதும் தோட்டாக்கள் மீதும் விதிக்கப்பட்ட வரியினை மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்கு ஒதுக்கியது. வேட்டையும் மீன்பிடியும் உலாவலும் அனுமதிக்கப்படும் வனவிலங்கு முகாமைப் பிரதேசங்கள் பல அந்நிதியினால் வளர்ந்தன. சாதாரண ஊழியனும் சிறு கட்டணம் செலுத்தி அங்கே வேட்டையாடலாம் என்பது ஐரோப்பியப் பிரபுத்துவ முறையினின்றும் வேறுபட்ட சனநாயக அம்சமே. ஆனால் அந்நிலமெல்லாம் முன்னர் செவ்விந்தியர் எனப்பட்ட ஆதிக்குடிகளுடையது என்பதையும், 1872 இல் யெலோஸ்ரோன் உலகின் முதல் தேசிய பூங்காவாக்கப்பட்டதன் பின்னர் அக்குடிகள் அங்கிருந்து அகற்றப்பட்டனர் என்பதையும் மறத்தல் இயலாது.

இதற்கு மாறான வரலாறும் ஒன்றுண்டு. 1932 ஏப்ரல் 24 ஆம் நாள், மான்செஸ்ரர், ஷெஃபீல்ட் நகரங்களின் இளந் தொழிலாளர் பல நூற்றுவர், நிலப்பிரபுக்களின் பறவை வேட்டைக்கென மூடப்பட்டிருந்த கிண்டர் ஸ்கவுற் மேட்டுநிலத்தில் வேண்டுமென்றே அத்துமீறி நுழைந்தனர். இடதுசாரித் தொழிலாளர் விளையாட்டுச் சம்மேளனத்தைச் சேர்ந்த பெனி றொத்மன் முன்னின்று நடத்திய இப்போராட்டத்தில் ஐவர் சிறை சென்றனர். 1949 இல் பிரித்தானியாவில் தேசிய பூங்காச் சட்டம் நிறைவேறியதற்கு இத்தகைய போராட்டங்களும் ஒரு காரணமாயின. அங்கே காற்றும் வெளியும் தொழிலாளியின் உரிமை என்னும் கோரிக்கை கீழிருந்து எழுந்தது. இங்கே பூங்கா மேலிருந்து வந்தது. இவ்வேறுபாடு முக்கியமானது; ஏனெனில் பிற்காலத்தில் எழுந்த முரண்பாடுகளின் வேர் இதிலேயே உள்ளது.

5

இக்காட்டினைப் பற்றிய இருவகை எழுத்துக்களை ஒப்பிடுவது பயனுடையது. பேக்கரின் நூலிற் காடு ஓர் அரங்கு. அதன் நாயகன் எழுத்தாளனே. உள்ளூர் மனிதன் சுவடு காட்டுபவனாகவும் சுமை தூக்குபவனாகவும் வருகின்றானேயன்றித் தனக்கென வாழ்வுடையவனாக வருவதில்லை. காட்டில் உழைப்பே இல்லாதது போன்ற தோற்றம் அவ்வெழுத்தில் உண்டாகின்றது.

1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வூல்ஃப், 1913 இல் வெளியிட்ட 'காட்டிலொரு கிராமம்' என்னும் பொருள்படும் தம் நாவலில் அதே காட்டை வேறுவிதமாகக் கண்டார். அதன் நாயகன் சிலிந்து ஒரு வேட்டைக்காரன். அவனுக்குக் காடு இன்பமல்ல. பசியும் பயமும் பிழைப்பும் ஆகும். சேனைக்கான அனுமதி எவருக்குக் கிடைக்கும் என்பது கிராமத் தலைவனின் கையில் உள்ளது. கடன் கொடுப்பவன் அவனோடு சேர்ந்து நிற்கின்றான். அந்நிய மொழியில் நடக்கும் நீதிமன்றம் உண்மையை அறியமாட்டாது தண்டிக்கின்றது. ஈற்றில் சிலிந்து தலைவனையும் கடன்காரனையும் கொல்கின்றான். கிராமம் சிதைந்து காடு அதனை மூடிக்கொள்கின்றது. வூல்ஃப் தாமே அவ்வாட்சியின் கருவியாக இருந்தவர். அவ்வாட்சியின் மீது அவருக்கு ஏற்பட்ட வெறுப்பு, பின்னர் அவரை ஏகாதிபத்திய எதிர்ப்பாளராக்கியது. கிராமத்தின் அழிவை விதியின் செயல்போலக் காட்டும் ஒருவித அவநம்பிக்கை நாவலில் இருப்பினும், காட்டின் கொடுமை எனத் தோன்றுவது உண்மையில் அதிகார உறவுகளின் கொடுமையே என்பதை அவரது யதார்த்தப் பார்வை வெளிக்கொணர்ந்துள்ளது.

ஈழத்துத் தமிழ் நாவலில் வன்னிக் காட்டோர வாழ்வு இடம்பெறுவதற்குப் பின்னும் அறுபது ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது. 1973 இல் வெளிவந்த அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' அத்துறையில் ஒரு திருப்பமாகும். அங்கே வேட்டை வீரப் புகழாகவோ விளையாட்டாகவோ அன்றி அன்றாட வாழ்வின் பகுதியாகவே வருகின்றது. யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்க வாசகர் வன்னியைக் காடும் காய்ச்சலும் நிறைந்த இடமாக மட்டுமே எண்ணிவந்த காலத்தில், அந்நிலத்து மக்களை மனிதராகக் காட்டியமை அந்நாவலின் சமூகப் பெறுமானம் எனலாம்.

6

சுதந்திரத்தின் பின் 1949 இல் வனசீவராசிகளுக்கெனத் தனித் திணைக்களம் அமைக்கப்பட்டது. பூங்காக்களின் தொகையும் பெருகியது. ஆயினும் அவற்றுட் பல, பெரும் நீர்ப்பாசனத் திட்டங்களின் பக்க விளைவாகவே தோன்றின. 1954 இல் கல்லோயாப் பூங்கா சேனநாயக்க சமுத்திரத்தின் நீரேந்து பிரதேசத்தைக் காக்க உருவாக்கப்பட்டது. துரித மகாவலித் திட்டம் காடுகளை வெட்டிக் குடியேற்றங்களை அமைத்தபோது, இடம்பெயர்ந்த விலங்குகளுக்கென 1980 களில் மாதுறு ஓயா, வஸ்கமுவ முதலிய பூங்காக்கள் பிரகடனம் செய்யப்பட்டன.

1983 இல் மாதுறு ஓயாப் பூங்கா உருவாகியபோது, அக்காட்டைத் தம் வாழ்நிலமாகக் கொண்டிருந்த வேடர் சமூகத்தினர் வெளியேற்றப்பட்டு, மகாவலிக் குடியேற்றப் பகுதிகளில் அமர்த்தப்பட்டனர். தம்பானையைச் சேர்ந்த முதியவர் ஊருவரிகே திசாஹாமியும் சில குடும்பங்களும் வெளியேற மறுத்து நின்றமை பலரும் அறிந்தது. தேனெடுத்தலும் வேட்டையாடலும் ஒரே நாளிற் குற்றங்களாயின. 1840 ஆம் ஆண்டுச் சட்டத்தின் தருக்கம், அந்நிய ஆட்சி நீங்கி முப்பத்தைந்து ஆண்டுகளின் பின்னும், தேசிய அரசின் கையில் மாறாது தொழிற்பட்டமையை இதிற் காண்கிறோம்.

யுத்தமும் காட்டை விட்டுவைக்கவில்லை. வில்பத்து 1988 டிசம்பர் முதல் 2003 மார்ச் வரை பார்வையாளருக்கு மூடப்பட்டிருந்தது. 'ஆனையிறவிலிருந்து ஒரு பாதை' எனப் பொருள்படும் ஆங்கில நாவலை 2003 இல் வெளியிட்ட நிஹால் டி சில்வா, சிங்கள இராணுவ அதிகாரி ஒருவனும் தமிழ்ப் போராளிப் பெண் ஒருத்தியும் வில்பத்துக் காட்டினூடாகச் சேர்ந்து நடக்கும் கதையைச் சொன்னார். பகைவர் இருவர் ஒருவரையொருவர் மனிதராக அறியும் இடமாகக் காட்டை அவர் கற்பனை செய்தார். 2006 மே மாதம் அதே வில்பத்துவில் கண்ணிவெடியில் சிக்கி அவர் உயிரிழந்தார். இவ்வரலாற்றின் துயரத்துக்கு வேறு உவமை தேடவேண்டியதில்லை.

யுத்தத்தின் பின் எழுந்த வில்பத்துப் பிரச்சினையோ மேலும் சிக்கலானது. 1990 ஒக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்த முஸ்லிம் மக்கள் அனைவரையும் வெளியேற்றினர். வெளியேறியோர் 70,000 க்கு மேற்பட்டோர். தமிழர் அரசியலின் மீது படிந்த இக்கறையைத் தமிழ்ப் புலமையாளர் மழுப்பாது ஏற்றுக்கொள்ளல் வேண்டும். இரு தசாப்தங்களின் பின் அம்மக்கள் முசலிப் பகுதிக்கு மீண்டபோது, அவர்கள் இல்லாத காலத்திற் காடு வளர்ந்திருந்தது. 2012 இல் அப்பகுதிகள் வன ஒதுக்கிடமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. 2017 இல் மாவில்லுப் பேணற் காடும் பிரகடனம் செய்யப்பட்டது. மறுபுறம், அப்பிரதேசத்தில் மீள்குடியேற்றத்தின் பெயரால் சட்டவிரோதமாகக் காடு அழிக்கப்பட்டதெனக் கண்டு, மீளக் காடாக்குமாறு மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020 இல் உத்தரவிட்டது. காட்டின் பாதுகாப்பு உண்மையான தேவை. ஆனால் அத்தேவையை இனவாதம் தன் மொழியாகப் பயன்படுத்தியதும் உண்மை. அரசியல்வாதியின் காடழிப்பையும், அகதியின் ஊர் திரும்பலையும் பிரித்தறியாத சூழலியல், நீதியின் பக்கம் நிற்க முடியாது.

இன்று பூங்காவின் பொருளாதாரம் உல்லாசப் பயணத் துறையின் பொருளாதாரமாகும். சிறுத்தை மீண்டும் ஒரு பண்டமாகியுள்ளது. முன்னர் தோலுக்காக, இப்போது தோற்றத்துக்காக. ஒரு சிறுத்தையைச் சூழ்ந்து பல ஜீப் வண்டிகள் முண்டியடிக்கும் யாலவின் காட்சி, பாதுகாப்புக்கும் சந்தைக்கும் உள்ள முரண்பாட்டை எவருக்கும் விளக்கும். பூங்காவின் எல்லைக்கு வெளியே, யானை வயலிலே நுழைகின்றது; குடியானவன் வெடிவைக்கின்றான். 2022, 2023 ஆகிய ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் 400 க்கு மேற்பட்ட யானைகளும் 100 க்கு மேற்பட்ட மனிதரும் இறந்தனர். யானையைக் காண்பதனால் வரும் வருமானம் ஓரிடத்தும், யானையோடு வாழ்வதனால் வரும் இழப்பு வேறோரிடத்தும் சேர்கின்றன.

7

மேற்கூறியவற்றிலிருந்து பாதுகாப்பு என்பதே ஏகாதிபத்தியச் சூழ்ச்சி என்னும் முடிவுக்கு வருவது எளிது. ஆனால் அது தவறானது. 1900 இலும் 1938 இலும் அவ்வொதுக்கிடங்கள் அமைக்கப்பட்டிராவிடின், அக்காடுகள் குடியானவனிடம் எஞ்சியிருக்கும் என்பதற்கு எவ்வித உறுதியும் இல்லை. அவை மரக் கம்பனிக்கும், பின்னர் உள்ளூர் முதலாளிக்கும் இரையாகியிருக்கும். வரலாற்றில் ஒரு நிறுவனம் தோன்றிய நோக்கமும் அது ஆற்றும் பணியும் ஒன்றாயிருக்க வேண்டுமென்பதில்லை. கனவான்களின் தன்னலம் காத்துத் தந்ததை மக்கள் தமதாக்கிக்கொள்ளுதல் கூடும். அதேபோல், காட்டோரக் குடியானவனின் பழைய வாழ்வைப் பொற்காலமாகக் காட்டுவதும் பொருந்தாது. சிலிந்துவின் பசியைக் கண்டவர் எவரும் அத்தகைய கனவில் மயங்கமாட்டார்.

எனின் வேண்டப்படுவது யாது? இங்கேதான் தொடக்கத்திற் குறிப்பிட்ட பாத யாத்திரை நம் கவனத்துக்குரியதாகின்றது. உகந்தை முருகன் கோயிலிலிருந்து குமண வழியாகக் கும்புக்கன் ஆற்றைக் கடந்து, யாலவினூடாகக் கதிர்காமத்தை அடையும் அப்பாதை, பூங்காக்களின் எல்லைக் கோடுகளுக்கு முற்பட்டது. ஆண்டுதோறும் சில நாள்களுக்கு அரசு அப்பாதையைத் திறந்துவிடுகின்றது. அங்கே கட்டணமில்லை, சிறுத்தையைக் காணும் போட்டியில்லை. தமிழரும் சிங்களவரும் வேடரும் தத்தம் வழியில் உரிமை கொண்டாடும் கதிர்காமத்தை நோக்கி ஏழை எளியவர் நடக்கின்றனர். இதனைச் சமயப் பெருமைக்காக நாம் எடுத்துக்காட்டவில்லை. யாத்திரிகர் விட்டுச்செல்லும் பிளாஸ்ரிக் கழிவுகள் இன்று காட்டுக்குப் பெருந் தொல்லையாகியுள்ளன என்பதையும் அறிவோம். ஆனால் ஒரு காட்டினுள் நுழையும் உரிமை பணத்தினாலன்றி வழக்கினாலும் பெறப்படலாம் என்பதை அரசே ஒப்புக்கொண்ட அரிய சந்தர்ப்பம் இது. இவ்வொப்புதல் வேடருக்கும் காட்டோர விவசாயிக்கும் ஏன் மறுக்கப்பட வேண்டும் என்பதே நாம் எழுப்பும் வினா.

பூங்காவின் முகாமையில் அயற் கிராமத்தவருக்குக் குரல் வேண்டும். வருமானத்தில் பங்கு வேண்டும். பயிரிழந்தவனுக்குத் தாமதமில்லாத இழப்பீடு வேண்டும். தோட்டத் தொழிலாளியின் பிள்ளையும் கடற்றொழிலாளியின் பிள்ளையும் தம் நாட்டின் யானையைப் பள்ளிப் பாடநூலில் மட்டுமன்றி நேரிலும் காணும் வாய்ப்பு வேண்டும். மலைநாட்டுக் காட்டை வெட்டித் தோட்டமாக்கிய உழைப்பு எவருடையதோ, அவருடைய சந்ததி இந்நாட்டின் எஞ்சிய காட்டினுள் ஓய்வுக்காக ஒருமுறையேனும் செல்லாதிருப்பது சிறிய அநீதியன்று. கிண்டர் ஸ்கவுற்றில் நடந்த இளைஞர் கோரியதும் இதுவே. உழைப்பவனுக்கு ஓய்வும், ஓய்வுக்கு வெளியும் கிடைக்கும்போதுதான் இயற்கை மீதான அன்பு ஒரு வர்க்கத்தின் அலங்காரமாக இல்லாது மக்களின் பண்பாடாக மலரும். அதுவரை, பூங்காவின் வாயிலில் நிற்கும் வரிசையில் எவர் நிற்கின்றனர் என்பதோடு எவர் நிற்கவில்லை என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்ப்பது நம் ஆய்வாளரின் கடமையாகும்.